நீர்முகப்பு மறுமேம்பாட்டுத் திட்டம்: கருத்துக்கேட்பில் மாடிக் கணக்கைத் தாண்டி என்ன கேட்பது?

அலைவாய் | திங்கள், காலை 9:12

பழைய துறைமுகக் கிடங்கு, கப்பல் பட்டறை, சரக்கு ரயில் யார்டு இருந்த கரையோர நிலத்தை வீடு, அலுவலகம், கடை, ஓட்டல், பூங்கா எல்லாம் கலந்த புதுப் பகுதியாக மாற்றும் திட்டங்கள் எந்த நாட்டில் கருத்துக்கேட்புக்கு வந்தாலும் காட்சி ஒன்றுதான். சுவரில் கணினியில் வரைந்த படம். அதில் எப்போதும் மாலை வெயில், எப்போதும் சைக்கிள், எப்போதும் பலூன் பிடித்த ஒரு குழந்தை. கூட்டத்தில் முதலில் எழுந்திருப்பவர் "எத்தனை மாடி?" என்று கேட்பார். அப்புறம் கூட்டம் கலையும்வரை மாடிக் கணக்குதான்.

உயரம் பெரிய விஷயம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் 2013 நவம்பரில் ஒரு கரையோர அடுக்குமாடித் திட்டத்தை மக்கள் ஓட்டுப் போட்டே தோற்கடித்தார்கள். 2014 ஜூனில், துறைமுக நிலத்தில் உயர வரம்பைத் தாண்ட வேண்டுமானால் வாக்காளர்களிடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று சட்டமே கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் பல இடங்களில் நான் கவனித்தது இது: மாடியைக் கொஞ்சம் குறைத்தால் எதிர்ப்பாளர்கள் ஜெயித்த திருப்தியோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். தரை கடைசியில் யார் பெயரில் இருக்கும், கரைச்சுவரைப் பராமரிக்கும் செலவு யாருடையது, பூங்கா எந்தக் கட்டத்தில் திறக்கும் என்பதெல்லாம் பின்னிணைப்பிலேயே தூங்குகிறது. குறைப்பதற்கென்றே இரண்டு மாடி கூடுதலாகப் போட்டு வரைபடம் கொண்டுவருகிறார்களோ என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு.

இந்தத் துறையில் இருப்பவர்களும், இப்படிப்பட்ட கூட்டங்களில் உட்கார்ந்தவர்களும் சொல்லுங்கள். மாடியைத் தாண்டி எதைக் கேட்க வேண்டும்?


எட்டாம்மாடி | திங்கள், காலை 9:50

எதிர்க்கட்சி வேலையை நானே ஆரம்பிக்கிறேன்.

இந்த நிலங்கள் ஏன் காலியாகக் கிடக்கின்றன என்பதில் தொடங்க வேண்டும். 1960-களிலிருந்து கண்டெய்னர் கப்பல்கள் வந்தன. அவற்றுக்கு ஆழமான நீரும், பெட்டிகளை அடுக்கப் பரந்த தரையும் வேண்டும். நகர மையத்தில் இருந்த குறுகலான துறைகளில் இரண்டும் கிடையாது. துறைமுகங்கள் கழிமுகத்துக்கோ வெளிக்கடலுக்கோ நகர்ந்தன, கிடங்குகள் பூட்டப்பட்டன. லண்டன், பால்டிமோர், ஹாம்பர்க், டொரான்டோ, சிட்னி, எங்கும் கிட்டத்தட்ட இதே கதை. நகரத்தின் நடுவில் துருப்பிடித்த வேலிக்குப் பின்னால் கிடக்கிற நிலம் இது. அதை அப்படியே விட்டுவைப்பதால் யாருக்கு என்ன லாபம்?

வீடு போதவில்லை என்று எல்லா ஊரிலும் புலம்பல். இருக்கிற ரயிலுக்கும் வேலைக்கும் பக்கத்தில் கட்ட இடம் கிடைத்தால், ஏற்கெனவே ஜன்னலில் தண்ணீர் தெரிகிறவர்கள் வந்து மறிக்கிறார்கள். அலைவாய் சொன்ன அதே சான் பிரான்சிஸ்கோவில், அதே சட்டத்தின் கீழ், 2015-இல் 'மிஷன் ராக்' என்ற கரையோரத் திட்டம் ஓட்டெடுப்புக்கு வந்தது. அதில் கோபுரமும் இருந்தது, கட்டுப்படியாகும் விலை வீடும் பூங்காவும் இருந்தன. மக்கள் ஆதரித்தார்கள். ஆக, நல்ல திட்டம் என்றால் மாடி தடையில்லை.


பாதசாரி | திங்கள், பகல் 11:05

எனக்குக் கேள்வி ஒன்றுதான். இரவு பதினோரு மணிக்கு, எதுவும் வாங்காமல், யாரிடமும் கேட்காமல், நான் தண்ணீர் ஓரமாக நடந்து போக முடியுமா?

படத்தில் எல்லாம் "பொது நடைபாதை" என்றுதான் இருக்கும். லண்டனில் டவர் பிரிட்ஜ் பக்கத்தில் 'மோர் லண்டன்' என்ற ஆற்றங்கரைத் திடல் இருக்கிறது. மேயரின் அலுவலகமே அங்கேதான் பல வருஷம் இருந்தது. பார்த்தால் நகரச் சதுக்கம். ஆனால் தனியார் நிலம். கேமராவை ஸ்டாண்டில் வைத்தால் காவலாளி வருவார். மக்கள் தேர்ந்தெடுத்த மேயரின் வாசலில் நின்று ஒரு நிருபர் பேட்டி எடுக்க நில உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது என்றால், "பொது" என்ற பலகைக்கு என்ன மதிப்பு?

இதற்கு நேரெதிர் பாஸ்டன். மாசசூசெட்ஸில் கரையோர நிலத்துக்கென்று 'சாப்டர் 91' என்ற பழைய சட்டம் இருக்கிறது. அதன் வேர் 1640-களின் காலனி ஆணை வரை போகிறது: மீன் பிடிக்க, பறவை வேட்டையாட, படகு ஓட்ட மக்களுக்கு உள்ள உரிமை. கடலை மண் கொட்டி மேடாக்கிய நிலத்துக்கும் இது பொருந்தும். அங்கே கட்டிடம் கட்டினால் தரைத்தளத்தில் பொதுமக்கள் பயன்படுத்தும்படியான இடம் வேண்டும், தண்ணீர் ஓரத்தில் நடக்க வழி வேண்டும். பில்டரின் தாராள மனசை நம்பி நிற்க வேண்டியதில்லை.

பெர்லினில் ஷ்ப்ரே ஆற்றங்கரைத் திட்டத்துக்கு எதிராக 2008-இல் வட்டார அளவில் வாக்கெடுப்பு நடந்தது. கரையிலிருந்து 50 மீட்டர் விட்டுத்தான் கட்ட வேண்டும் என்பது முக்கியமான கோரிக்கை. 87 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். ஆனால் அந்த முடிவு யாரையும் கட்டுப்படுத்தவில்லை, ஏற்கெனவே கொடுத்த கட்டிட உரிமைகள் பெரும்பாலும் நின்றன. மனை விற்று முடிந்த பிறகு 50 மீட்டர் கேட்டால், அந்த 50 மீட்டரின் விலையை நஷ்டஈடாகக் கேட்பார்கள். கேட்க வேண்டிய நேரம் மனையை விற்பதற்கு முன்பு.


கணக்குப்பிள்ளை | திங்கள், பிற்பகல் 2:20

பாதசாரி சொன்ன கடைசி வரியிலேயே என் தொழில் இருக்கிறது. நான் இப்படிப்பட்ட திட்டங்களின் வரவுசெலவு அறிக்கைகளைப் படிக்கிறவன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பில்டர் நிலத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று எப்படி முடிவு செய்கிறார்? கட்டி முடித்து விற்றால் வரும் தொகையை முதலில் போடுவார். அதிலிருந்து கட்டுமானச் செலவு, வட்டி, லாபம், பூங்கா, பள்ளி, மலிவு வீடு என்று நகராட்சி கேட்கும் எல்லாவற்றையும் கழிப்பார். மிச்சம் நிற்பதுதான் நிலத்தின் விலை. அதாவது நகராட்சி என்ன கேட்கும் என்பது முன்பே கறாராகத் தெரிந்தால், அந்தச் சுமை நிலத்தை விற்பவரின் தலையில் விழும். "பார்த்துப் பேசிக்கொள்ளலாம்" என்று இருந்தால் போட்டியில் ஜெயிப்பவர் யார்? பேசிக் குறைத்துவிடலாம் என்ற நம்பிக்கையில் அதிக விலை கேட்டவர். நிலத்துக்கு அதிகமாகக் கொடுத்துவிட்டு, மூன்று வருஷம் கழித்து "கணக்கு கட்டுப்படியாகவில்லை" என்று அவரே வந்து நிற்பார்.

லண்டனில் தேம்ஸ் கரையில் இருக்கும் பழைய பாட்டர்ஸீ மின்நிலையத்தைக் குடியிருப்பாக மாற்றிய திட்டம் நல்ல பாடம். 4,200-க்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட திட்டத்தில் 636 மலிவு விலை வீடுகள் என்று ஒப்பந்தம், சுமார் 15 சதவீதம். 2017-இல் செலவு ஏறிவிட்டது என்று காரணம் காட்டி அது 386 ஆகக் குறைந்தது, 9 சதவீதம். ஒரே கூட்டத்தில் 250 வீடு போயிற்று. பழைய மின்நிலையத்தைப் பழுதுபார்த்ததும், சுரங்க ரயில் நீட்டிப்புக்குப் பணம் கொடுத்ததும் பெரிய செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் செலவு ஏறும்போது முதலில் வெட்டப்படுவது எது என்று பாருங்கள். ஓட்டலில் ஒரு அறைகூடக் குறையாது.

ஆகவே கருத்துக்கேட்பில் "எத்தனை சதவீதம் மலிவு வீடு?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தச் சதவீதத்தை எந்த நிபந்தனையில் குறைக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். கூடவே, விற்பனை விலை ஏறினால் அது மறுபடி கூடுமா என்றும் கேளுங்கள். கீழே இறங்க மட்டும் படிக்கட்டு வைத்த ஒப்பந்தங்கள்தான் அதிகம்.


எட்டாம்மாடி | திங்கள், பிற்பகல் 3:02

> நிலத்துக்கு அதிகமாகக் கொடுத்துவிட்டு, "கட்டுப்படியாகவில்லை" என்று வந்து நிற்பார்

கணக்குப்பிள்ளை அண்ணே, சில சமயம் நிஜமாகவே கட்டுப்படியாகாதே? லண்டனின் பழைய துறைமுகப் பகுதியான டாக்லண்ட்ஸில் 'கேனரி வார்ஃப்' என்ற அலுவலகக் கோபுரப் பகுதியைக் கட்டிய நிறுவனம் 1992-இல் திவாலானது. கோபுரம் நின்றது, ஆள் இல்லை. ஒவ்வொரு நிபந்தனையாக ஏற்றிக்கொண்டே போனால் கடைசியில் வேலி மட்டும்தான் மிஞ்சும்.


கணக்குப்பிள்ளை | திங்கள், பிற்பகல் 3:31

நல்ல உதாரணம், ஆனால் அது என் பக்கம்தான் சாட்சி சொல்கிறது தம்பி. கேனரி வார்ஃப் விழுந்ததற்கு மலிவு வீட்டு நிபந்தனை காரணமில்லை. டாக்லண்ட்ஸ் மேம்பாட்டுக் கழகம் 1981-இல் வந்தது, அடுத்த வருஷமே வரிச்சலுகை கொடுத்து, திட்ட அனுமதி விதிகளையும் தளர்த்தியாயிற்று. இல்லாமல் போனது போக்குவரத்து. 1987-இல் வந்த இலகு ரயில் அந்தக் கூட்டத்தைத் தாங்கக்கூடியது அல்ல. பெரிய சுரங்க ரயில் 1999-இல்தான் வந்து சேர்ந்தது. நடுவில் அலுவலகச் சந்தையும் சரிந்தது. ரயிலுக்கு முன்னால் கோபுரம் எழுந்ததன் விலை அது.

ஹாம்பர்க்கின் பழைய துறைமுகத்தில் எழுந்த ஹாஃபன்சிட்டி வேறு வழியில் போனது. 157 ஹெக்டேர், நிலம் பெரும்பாலும் நகரத்தின் சொந்த நிறுவனத்தின் கையில். மனைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது விலையைவிட என்ன கட்டப்போகிறார், தரைத்தளத்தில் என்ன வரும் என்பதற்கே அதிக எடை. தேர்வானவருக்கு உடனே பத்திரம் எழுதிக் கொடுப்பதில்லை. குறிப்பிட்ட காலத்துக்கு மனையை அவருக்கென்று ஒதுக்கிவைக்கிறார்கள். அதற்குள் வடிவமைப்புப் போட்டி நடத்தி, கட்டிட அனுமதி வாங்கி வர வேண்டும். அதன் பிறகுதான் பணமும் பத்திரமும். இழுத்தடித்தால் மனை நகரத்திடமே திரும்பிவிடும். நிலத்தை வாங்கிப் போட்டு விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் வியாபாரத்துக்கு அங்கே இடமில்லை.

அங்கேயும் சறுக்கல் உண்டு. அதே கரையில் நகரம் தன் பணத்தில் கட்டிய எல்ப்ஃபில்ஹார்மோனி இசையரங்கத்தில் நகரத்தின் பங்கு 7.7 கோடி யூரோ என்று தொடங்கி, 2017-இல் திறந்தபோது 78.9 கோடியில் வந்து நின்றது. அரசு கையில் நிலம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் கொடி பிடிக்க வேண்டாம்.


மட்டக்கோல் | திங்கள், மாலை 6:44

தண்ணீர் ஓரத்தில் கட்டுவதைப் பற்றி இத்தனை பதிவு வந்தாயிற்று, தண்ணீர் பற்றி ஒருவரும் பேசவில்லையே!

நான் கரைச்சுவரும் அடித்தளமும் பார்க்கிற சிவில் ஆள். திட்ட அறிக்கையில் நான் முதலில் தேடுவது ஒரே எண்: தரைத்தளத்தின் மட்டம் என்ன, எந்த வருஷத்துக் கடல்மட்டத்தை வைத்து அதைக் கணக்கிட்டார்கள். ஐ.நா.வின் காலநிலை மாற்றத்துக்கான அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது மதிப்பீட்டில் 2100-க்குள் உலக சராசரிக் கடல்மட்ட உயர்வு, உமிழ்வு மிகக் குறைந்த பாதையில் 0.28 முதல் 0.55 மீட்டர், மிக அதிகமான பாதையில் 0.63 முதல் 1.01 மீட்டர். கட்டிடம் நிற்கப்போவதோ எண்பது நூறு வருஷம். அறிக்கையில் குறைந்த பாதையை எடுத்துக்கொண்டு, "அறிவியல் அடிப்படையில்" என்று எழுதியிருப்பார்கள். பொய் இல்லை, ஆனால் ஏன் அந்தப் பாதை என்று கேட்க வேண்டும். நிலம் அமிழும் ஊர்களில் அதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

அடுத்தது "நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்". கேட்டவுடன் நம் காலத்தில் வராது என்று தோன்றும். உண்மையில் அது எந்த வருஷமும் 1 சதவீத வாய்ப்பு. முப்பது வருஷ வீட்டுக் கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வர 26 சதவீதம். அறுபது வருஷத்தில் 45 சதவீதம். அதுவும் கடல்மட்டம் அசையாமல் நின்றால்.

ஹாம்பர்க்கில் 1962 பிப்ரவரி புயல் வெள்ளத்தில் 315 பேர் இறந்தார்கள். ஹாஃபன்சிட்டி நகரத்தின் பிரதான வெள்ள அணைக்கு வெளியே இருக்கிறது. அதனால் கட்டிடங்களையும் சாலைகளையும் கடல்மட்டத்திலிருந்து 8, 9 மீட்டர் உயரத்துக்கு மேடேற்றினார்கள். தண்ணீர் ஓர நடைபாதையை வேண்டுமென்றே தாழ்வாக விட்டார்கள். வருஷத்தில் சில நாள் அது முழுகும், அப்புறம் கழுவிவிட்டு நடப்பார்கள். மேட்டுக்குள்ளேயே கார் நிறுத்தம், வெள்ளம் வந்தால் மூட இரும்புக் கதவு. இதில் பலர் கவனிக்காத விஷயம் சாலை. கட்டிடம் மட்டும் உயரமாக இருந்து, வெளியேறும் சாலை தாழ்வாக இருந்தால் ஆம்புலன்ஸ் எப்படி வரும்? பாஸ்டனின் சீபோர்ட் பகுதியில் 2018 ஜனவரியில் பனிப்புயலோடு அலை ஏறியபோது புத்தம்புதுக் கட்டிடங்களுக்கு நடுவே தெருவில் கடல்நீர் ஓடியது.

மூன்றாவது, கரைச்சுவர். பழைய துறைச்சுவர் பலவும் மரக்கட்டைமேல் நிற்கும், அல்லது எஃகுத் தகடு இறக்கி நிலத்துக்குள் கம்பியால் இழுத்துக் கட்டியிருக்கும். அந்தக் கம்பி நீளமாக நிலத்துக்குள் போகும். அதன் மேலேயே புது அடித்தளத்துக்குத் துளை போட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். எஃகு உப்பு நீரில், அதுவும் அலை ஏறி இறங்கும் மட்டத்தில், வேகமாக அரிக்கும். சுவரை மாற்றும் செலவு பெருஞ்செலவு. அது யார் பெயரில்? "பொதுப் பயன்பாட்டுக்காக நகராட்சியிடம் ஒப்படைக்கப்படும்" என்று ஒரு வரி இருக்கும். நடைபாதை கிடைத்தது என்று கை தட்டுவோம். கூடவே அரித்துப்போன சுவரும் நம் தலையில் வந்திருக்கும். ஒப்படைக்கும் முன் சுவரின் மிச்ச ஆயுள் எவ்வளவு என்று ஆய்வு வேண்டும், பராமரிப்பு நிதி ஒன்று தனியாகக் கட்டிவைக்க வேண்டும்.


தெற்குவாசல் | திங்கள், இரவு 7:15

மட்டக்கோல் சார், ஒரு சந்தேகம். அவர்கள் நிலத்தை மேடேற்றினால் அங்கே தேங்க வேண்டிய தண்ணீர் எங்கே போகும்? பக்கத்தில் பழைய குடியிருப்பு தாழ்வாகத்தானே இருக்கும்?


மட்டக்கோல் | திங்கள், இரவு 7:40

சரியான கேள்வி. இடத்தைப் பொறுத்தது. திறந்த கடல் ஓரமாக இருந்தால், இவர்கள் மேடேற்றியதால் கடல்மட்டம் கூடாது. ஆனால் பின்னால் இருக்கும் குடியிருப்பின் மழைநீர் இந்த நிலம் வழியாகத்தான் கடலுக்கு வடிந்துகொண்டிருக்கும். மேடு போட்டதும் அது அணை போல மறிக்கும். பெரிய வடிகாலும் பம்பும் வேண்டும், கடல் ஏறியிருக்கும்போது வடிகால் வாய் வழியே நீர் திரும்பி வராமல் தடுக்கும் கதவும் வேண்டும்.

ஆற்றோரமாக இருந்தால் நிலைமை இன்னும் கடினம். வெள்ளம் பரவி நிற்கும் இடத்தை நிரப்பினால் அந்தக் கொள்ளளவு வேறு எங்கோ தேவைப்படும். எதிர்க்கரைக்கோ மேலே இருக்கும் ஊருக்கோ மட்டம் ஏறும். நிரப்பிய அளவுக்கு வேறு இடத்தில், அதே மட்டத்தில், தோண்டிக் கொடுக்க வேண்டும். டொரான்டோவில் டான் ஆற்றுக்குப் புதிய முகத்துவாரமே வெட்டி, இருபுறமும் சதுப்பு நிலம் விட்டு, வெள்ளத்துக்கு வழி செய்தார்கள். நூறு கோடி டாலருக்கு மேல் பொதுப்பணம். கோபுரத்துக்கான மனைகள் அந்த வேலைக்குப் பிறகுதான் மனைகளாகவே ஆகின்றன.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. கப்பல் பட்டறை மண்ணில் பெயிண்ட், ஈயம், எண்ணெய் எல்லாம் இருக்கும். பெரும்பாலும் அள்ளி எடுப்பதில்லை, மேலே சுத்தமான மண் போட்டு மூடுவார்கள். அது முறையான வழிதான். ஆனால் மூடியதைப் பின்னால் யாரும் தோண்டாமல் பார்த்துக்கொள்வது யார்? மண் பரிசோதனையை யார் சரிபார்த்தது? சான் பிரான்சிஸ்கோவில் பழைய கடற்படைக் கப்பல் தளத்தில் மண் மாதிரிகளையே மாற்றி வைத்து ஏமாற்றினார்கள். அதற்காக 2018-இல் இரண்டு மேற்பார்வையாளர்களுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்த இடத்திலும் பெரிய குடியிருப்புத் திட்டம் காத்திருந்தது.


நங்கூரம் | செவ்வாய், காலை 6:30

துறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். "காலியாகக் கிடக்கும் நிலம்" என்று எட்டாம்மாடி எழுதியதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. பெரிய கப்பல் போய்விட்டது, உண்மை. சின்ன வேலைகள் போகவில்லை. இழுவைப் படகு, மீன்பிடிப் படகு பழுதுபார்ப்பு, மணல் ஜல்லி இறக்கும் துறை, ஐஸ் ஆலை. இவை அழகாக இருக்காது, சத்தம் போடும், விடியற்காலை நாலு மணிக்கு ஆரம்பிக்கும்.

இவற்றை யாரும் நேரடியாக விரட்ட மாட்டார்கள். பக்கத்தில் வீடு கட்டுவார்கள். குடிவந்தவர் ஆறு மாதத்தில் சத்தம் என்று புகார் கொடுப்பார். முப்பது வருஷமாக நடந்த பட்டறை ஒரு நோட்டீஸில் மூடும். இதற்கு மருந்து இருக்கிறது. புதிதாக வருபவரே சத்தத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்ற விதி. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 2014-இல் இசை அரங்குகளுக்காகக் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தின் தேசியத் திட்டக் கொள்கையில் 2018-இல் சேர்த்தார்கள். வீடு கட்டுபவர் இரட்டைக் கண்ணாடி போடட்டும், படுக்கையறையைப் பட்டறைக்கு எதிர்ப்புறம் வைக்கட்டும்.

லண்டனில் தேம்ஸ் ஓரமாகச் சில துறைகளைச் சரக்குக்கு மட்டும் என்று ஒதுக்கிப் பாதுகாத்திருக்கிறார்கள். கட்டிடம் கட்ட வேண்டிய ஜல்லியே ஆறு வழியாகத்தான் வருகிறது; அந்தத் துறையில் வீடு கட்டிவிட்டால் அத்தனையும் லாரியில் தெருவுக்கு வரும். வீட்டை எங்கே வேண்டுமானாலும் கட்டலாம். படகை மேலே இழுக்கும் சாய்தளம் தண்ணீர் ஓரத்தில்தான் இருக்க முடியும்.


தெற்குவாசல் | செவ்வாய், காலை 10:10

அங்கே குடியிருந்தவர்களைப் பற்றியும் பேசலாம். அகமதாபாத் சபர்மதி ஆற்றங்கரைத் திட்டத்தில் இரு கரையிலும் சுவர் எழுப்பி, ஆற்றை ஒரே அகலத்துக்குக் கொண்டுவந்து, நர்மதா கால்வாய்த் தண்ணீர் விட்டார்கள். நடக்க அழகான இடம், மறுக்கவில்லை. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் கரையிலிருந்து பெயர்க்கப்பட்டன. அவர்கள் உயர் நீதிமன்றம் போய்ப் போராடித்தான் மாற்று வீடு பற்றிய பேச்சு உறுதியானது. கிடைத்த வீடு பலருக்கு வேலையிலிருந்து வெகுதூரம்.

சிட்னியில் பழைய சரக்குத் துறையில் எழுந்த பராங்கரு திட்டத்தில் நடந்தது வேறு மாதிரி. திட்ட எல்லைக்குள் யாரும் குடியிருக்கவில்லை. ஆனால் அதை ஒட்டிய மில்லர்ஸ் பாயிண்டில் தலைமுறையாக அரசு வாடகை வீடுகளில் இருந்தவர்களின் வீடுகளை விற்கப்போவதாக 2014-இல் மாநில அரசே அறிவித்தது. கடற்கரைப் பக்கத்து நிலத்துக்கு இவ்வளவு விலை இருக்கும்போது ஏழைக்கு எதற்கு என்பதுதான் நியாயம். ஆகவே எல்லைக்கோட்டுக்கு வெளியே வாடகைக்கு இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று கேட்கவேண்டும். "அது இந்தத் திட்டத்தின் வரம்பில் வராது" என்பார்கள். அந்தப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பராங்கருவில் இன்னொன்று: 2006-இல் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த திட்டத்தில் சூதாட்ட விடுதி கிடையாது. 2020-இல் திறந்தது 271 மீட்டர் உயரமான சூதாட்ட விடுதிக் கோபுரம். ஒவ்வொரு திருத்தமும் தனித்தனியாகச் சின்னது.


எட்டாம்மாடி | செவ்வாய், பகல் 12:25

சரி, கெட்ட உதாரணங்களையே அடுக்கினால் எப்படி? வான்கூவரைப் பாருங்கள். ஃபால்ஸ் க்ரீக் ஓரத்தில் 1986 உலகக் கண்காட்சி நடந்த இடத்தில் ஒல்லியான கோபுரங்கள், கீழே தெருவை ஒட்டிய தாழ்வான வீடுகள், தொடர்ச்சியான கரை நடைபாதை. மலை தெரியும் பார்வைக் கோடுகளை 1989-இலேயே நகரத்தின் வழிகாட்டு விதியாக்கிவிட்டு, அதற்குள் குறுக்கிடாமல் உயரமாகக் கட்ட விட்டார்கள். உயரத்தை அனுமதித்ததால்தான் தரையில் இடம் கிடைத்தது.

கலப்புப் பயன்பாடே வேண்டாம், கடையும் பூங்காவும் போதும் என்பவர்களுக்கு பால்டிமோர். 1980-இல் திறந்த ஹார்பர்பிளேஸ் உலகமே காப்பியடித்த மாதிரி. கடைகள் மட்டும், சுற்றுலாப் பயணிகளை நம்பி. 2019-இல் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியிடம் போனது. 2024 நவம்பரில் அந்தப் பொது நிலத்தில் குடியிருப்பை அனுமதிக்கலாமா என்று கேட்டபோது மக்கள் ஓட்டுப் போட்டுச் சரி என்றார்கள். மழை நாளில், திங்கட்கிழமை சாயங்காலம், அங்கே யாராவது வசித்தால்தான் கடை ஓடும்.


அலைவாய் | செவ்வாய், பிற்பகல் 1:10

வான்கூவர் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் அங்கே ஒன்றை விட்டுவிட்டீர்கள். கண்காட்சி நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு வீடுகளை மலிவு விலை வீட்டுக்கு ஒதுக்கச் சொன்னார்கள். ஒதுக்கிய மனைகளில் கட்ட அரசுப் பணம் வர வேண்டும். பணம் வற்றியபோது சில மனைகள் வருஷக்கணக்கில் காலியாகவே நின்றன. பக்கத்தில் விலை உயர்ந்த கோபுரங்கள் முழுதாக எழுந்துவிட்டன. எனக்கு இந்த வரிசைதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வியாகப் படுகிறது.

நியூயார்க்கில் 2005-இல் புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க், கிரீன்பாயிண்ட் கரையோரத்தைக் கோபுரங்களுக்குத் திறந்துவிட்டார்கள். பதிலுக்கு 28 ஏக்கர் பூங்கா என்று நகரம் வாக்குக் கொடுத்தது. கோபுரங்கள் வந்தன. பூங்காவுக்கான நிலத்தை நகரம் முன்பே வாங்கி வைக்கவில்லை. கோபுரம் வந்ததால் அந்த நிலத்தின் விலையும் ஏறியது. 2016 கடைசியில் மிச்சமிருந்த ஒரு துண்டை வாங்க மட்டும் 16 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதற்குள் அந்தப் பகுதிக்காரர்கள் பதினொரு வருஷம் பதாகை பிடித்தாயிற்று. யாரும் வாக்கை மீறவில்லை, தேதி எழுதவில்லை, அவ்வளவுதான்.

எனவே நிபந்தனையை இப்படி எழுத வேண்டும்: இத்தனையாவது வீட்டுக்குக் குடிபுகும் சான்றிதழ் கொடுக்கும் முன் பூங்காவின் முதல் பகுதி திறந்திருக்க வேண்டும், இத்தனையாவது வீட்டுக்கு முன் மலிவு வீடுகளில் பாதி முடிந்திருக்க வேண்டும். "உரிய காலத்தில்", "சந்தை நிலவரத்துக்கு ஏற்ப" என்ற சொற்கள் எங்கே வந்தாலும் அடிக்கோடு போடுங்கள்.


எட்டாம்மாடி | செவ்வாய், பிற்பகல் 1:48

வரிசையை எழுதிவைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வங்கியும் அதைத்தான் விரும்பும், என்ன செலவு எப்போது வரும் என்று தெரியும். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் மறுபடி முழுக் கருத்துக்கேட்பு என்று வைத்தால் யாரும் வரமாட்டார்கள்.


மட்டுறுத்துநர் | செவ்வாய், பிற்பகல் 3:00

செர்பியாவின் பெல்கிரேட் பற்றிய உபஇழையைத் தனியாகப் பிரித்துவிட்டேன். சவா ஆற்றங்கரையில் 2016 ஏப்ரலில் முகமூடி அணிந்தவர்கள் இரவோடு இரவாகக் கட்டிடங்களை இடித்ததையும், மஞ்சள் வாத்து பொம்மையோடு நடந்த போராட்டத்தையும் அங்கே பேசலாம். இங்கே கேள்விகளோடு இருப்போம்.


புதுவரவு | செவ்வாய், மாலை 5:20

எல்லாவற்றையும் படித்தேன். நானும் இப்படி ஒரு திட்டத்துக்கு ஆட்சேபக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆவணம் நூற்றுக்கணக்கான பக்கம். எதை முதலில் படிப்பது? எல்லோரும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால் போதுமா?


கணக்குப்பிள்ளை | செவ்வாய், மாலை 5:55

படங்களைத் திறக்கவே வேண்டாம். வரைவு ஒப்பந்தம், எந்தக் கட்டத்தில் எது வரும் என்ற வரிசை வரைபடம், நில உடைமை வரைபடம், வெள்ள ஆய்வறிக்கையில் "அனுமானங்கள்" என்ற பகுதி. இந்த நான்கு போதும், ஒரு வார இறுதி வேலை.

மனு செய்தியில் வரும், ஆனால் பல இடங்களில் ஆயிரம் கையெழுத்துப் போட்ட மனுவையும் ஒரே ஆட்சேபமாகத்தான் பதிவு செய்கிறார்கள். ஆளுக்கொரு கடிதம், ஒவ்வொன்றிலும் வேறு கேள்வி, பக்க எண்ணோடு. "எங்கள் ஊரின் அழகு கெடும்" என்று எழுதினால் "கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று பதில் வரும். "பக்கம் இன்னதில் தரை மட்டம் இவ்வளவு என்று இருக்கிறது, பக்கம் இன்னதில் சாலை மட்டம் அதைவிடத் தாழ்வு, ஏன்?" என்று எழுதினால் பொறியாளர் ஒருவர் உட்கார்ந்து பதில் எழுதியாக வேண்டும்.


மட்டக்கோல் | செவ்வாய், மாலை 6:10

கூடவே, கருத்துக்கேட்பு முடிந்த பிறகு "திருத்திய வரைபடங்கள்" என்று ஒரு கட்டு வரும். அதற்குத் தனியாகக் குறுகிய காலக்கெடு இருக்கும். எல்லோரும் களைத்துப் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் வரும்.


புதுவரவு | புதன், காலை 8:35

நில உடைமை வரைபடத்தைத் திறந்தேன். படத்தில் பச்சையாக இருந்த கரை நடைபாதை முழுவதும் இங்கே சாம்பல் நிறம். குறிப்பில் "உரிமையாளரின் அனுமதியுடன் பொது அணுகல்" என்று போட்டிருக்கிறது. இது பாதசாரி சொன்ன விஷயம்தானா?


பாதசாரி | புதன், காலை 8:52

அதேதான். அனுமதி கொடுத்தவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அல்லது இரவு கேட்டைச் சாத்தலாம். கடிதத்தில் மூன்று விஷயம் கேளுங்கள்: நடைபாதையை நிரந்தரப் பொது வழியாகப் பதிவு செய்ய வேண்டும், எல்லா நேரமும் திறந்திருக்க வேண்டும், மனை கைமாறினாலும் அந்த உரிமை தொடர வேண்டும். மட்டக்கோல் சொன்ன சுவர் விஷயத்தையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். நடைபாதையை ஒப்படைக்கச் சொன்னால் சுவரையும் சேர்த்துத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், பராமரிப்பு நிதி இல்லாமல் வாங்க வேண்டாம்.